மெரூன் கார் பார்க்கப்பட்ட இடங்கள்

இது தொடங்கியது ஊரடங்குக்கு முந்தின தை மாதத்திலா, அதற்கும் முந்தின தையிலா என்பது இப்போது சரியாக நினைவில்லை. கேட்டால் ஆளுக்கொரு வருடம் சொல்கிறார்கள். எல்லாருமே தங்கள் வண்டிக்கு எப்போது டயர் மாற்றினோம் என்பதை வைத்துக் காலத்தைச் சொல்கிறவர்கள் என்பதால் அவர்களை முழுதாக நம்பவும் முடியவில்லை. ஒன்றில் மட்டும் யாருக்கும் சந்தேகம் இல்லை. விழுப்புரம் மாம்பழப்பட்டு ரோட்டில், மெக்கானிக் ஜெகதீசனின் ஷெட்டில், இன்ஜின் இறக்கப்பட்டு மூலையில் நின்றுகொண்டிருந்த நடராசனின் மெரூன் நிறக் கார், நின்ற இடத்தைவிட்டு நகராமல் ஐம்பத்தோராயிரம் கிலோமீட்டர் ஓடியது.

நடராசன் நில அளவைத் துறையில் முப்பத்தோரு வருடம் சங்கிலி பிடித்து ஓய்வு பெற்றவர். பிள்ளைகள் இல்லை. அவருக்கு மிஞ்சியிருந்தவை மனைவி சின்னபொண்ணு, மெரூன் கார், பிறகு 'முப்பத்திரண்டு பதினாறு' என்ற வாட்ஸாப் குழு. முப்பத்திரண்டு விழுப்புரம் வண்டிகளின் எண், பதினாறு திண்டிவனம் வண்டிகளின் எண். இரண்டு ஊருக்கும் நடுவில் கிடக்கும் நாற்பது கிலோமீட்டரில் தினம் போய் வருகிறவர்கள் சேர்ந்து ஆரம்பித்தது. பெரிய வண்டி வைத்திருப்பவர் யாரும் அதில் இல்லை. கடனில் வாங்கிய சின்ன வண்டிகள், இரண்டாம் கை, மூன்றாம் கை வண்டிகள். விக்கிரவாண்டிக்கு முன்னால் ரோடு எங்கே தூக்கிப் போடுகிறது, மழையில் பிரேக் எப்படிப் பிடிக்கிறது, நேற்று புறவழிச் சாலையில் போன புது வண்டி யாருடையது என்று பேசிக்கொள்வார்கள். திண்டிவனத்தில் மருந்து மொத்த வியாபாரம் பார்க்கும் பிரான்சிஸ், தன் வண்டியின் இடது பக்கம் எங்கோ 'டிக் டிக்' என்று கேட்கும் சத்தத்தைப் பதிவு செய்து தினமும் போடுவார். ஆறு மெக்கானிக் பார்த்தும் அது என்னவென்று தெரியவில்லை. அந்தச் சத்தத்தை எல்லாரும் காலை வணக்கம்போலக் கேட்டுவிட்டு வேலைக்குப் போவார்கள்.

அந்தக் குழுவில் ஒரு வழக்கம் உண்டு. யாராவது ஒருவர் இன்னொருவரின் வண்டியைச் சாலையில் பார்த்தால் இடம், நேரம், எந்தப் பக்கமாகப் போகிறது என்று மூன்றையும் எழுத வேண்டும். வண்டிக்காரர் பிறகு பார்த்துவிட்டு 'நான்தான்' என்று ஒரு சொல் போட வேண்டும். அதற்குமேல் ஒன்றும் கிடையாது. சாலையில் தன்னை ஒருவர் கவனித்தார் என்பது போதுமானதாக இருந்தது. நடராசனுக்கு அது ரொம்பவே போதுமானதாக இருந்தது.

குழுவில் அவருக்கு ஒரு மரியாதையும் இருந்தது. வண்டி சூடாவதையும் சூட்டைக் காட்டும் முள்ளையும் பற்றி யார் கேட்டாலும் அவர்தான் பதில் சொல்வார். "முள்ளு சிவப்பத் தொட்டா வண்டிய ஓரங்கட்டு. அப்பன் ஆத்தா செத்துக்கினு இருந்தாலும் ஓரங்கட்டு" என்று அவர் சொன்னதை ஒருவர் ஸ்டிக்கராகவே அடித்து ஒட்டியிருந்தார். அப்படிப்பட்டவர்தான், அந்தத் தை மாதம் திண்டிவனத்தில் ஒரு கல்யாணம் முடிந்து திரும்பும்போது, பக்கத்தில் உட்கார்ந்திருந்த சின்னபொண்ணு, "ஏங்க, முள்ளு மேல போவுதுங்க" என்று சொன்னதற்கு, "உனக்கின்னா தெரியும், ரோட்டப் பாத்துக்கினு வா" என்று சொல்லிவிட்டு ஓட்டினார். பதினாலு கிலோமீட்டர் ஓட்டினார். சின்னபொண்ணு அதற்குமேல் வாயைத் திறக்கவில்லை. கூட்டேரிப்பட்டில் முன்பக்கம் வெள்ளைப் புகை வந்து வண்டி நின்றது. இன்ஜின் பிளாக்கே வெடித்துவிட்டது என்றார் ஜெகதீசன். இன்ஜினை இறக்கி, ஒரு பழைய டயரின்மேல் வைத்து, கோணியால் மூடினார். மாற்று இன்ஜின் சென்னையிலிருந்து வந்தபோது அது வேறு மாடலாக இருந்தது. திருப்பி அனுப்பினார்கள். பிறகு நடராசனுக்கு அலுப்பாகிவிட்டது.

அவள் பேசாமல் இருந்தது புதிதல்ல. அந்தக் காரை வாங்கின வருடம், கெடார் ரோட்டில், ஒரு ஞாயிற்றுக்கிழமை, அவள் கேட்டாள் என்று ஓட்டக் கற்றுக்கொடுக்கத் தொடங்கினார். மூன்று தடவை கிளட்ச்சை டக்கென்று விட்டு வண்டியை அணைத்துவிட்டாள். பின்னால் மல்லாட்டை என்கிற வேர்க்கடலை மூட்டை ஏற்றின டிராக்டர் ஹாரன் அடித்தது. கொல்லையில் களை எடுத்துக்கொண்டிருந்தவர்கள் நிமிர்ந்து பார்த்தார்கள். "எறங்கு" என்றார் நடராசன். சின்னபொண்ணு இறங்கினாள். முன்பக்கமாகவே, அத்தனை பேர் பார்க்க, பானெட்டைச் சுற்றி நடந்து வந்து இந்தப் பக்கம் உட்கார்ந்தாள். கதவை மெதுவாகத்தான் சாத்தினாள். அந்த ஒரு சுற்று நடைக்குப் பிறகு அவள் ஓட்டுவதைப் பற்றி ஒரு வார்த்தையும் பேசியதில்லை. நடராசனும் மறந்துவிட்டார். மறந்துவிட்டதாக நினைத்தார்.

இன்ஜின் இறக்கி மூன்று வாரம் இருக்கும். பிரான்சிஸ் குழுவில் எழுதினார்: மயிலம் கூட்டுரோடு, காலை ஏழு பத்து, விழுப்புரம் பக்கமா, நட்டு அண்ணன் மெரூன். பின்பக்க பம்பரை நீல நைலான் கயிற்றால் கட்டியிருந்ததைக்கூடக் குறிப்பிட்டிருந்தார், அதனால் வேறு வண்டி என்று சொல்ல வழியில்லை. நடராசன் அதைப் படித்தபோது வீட்டு வாசலில் பல் தேய்த்துக்கொண்டிருந்தார். இன்ஜின் போன கதையை அவர் யாரிடமும் சொல்லியிருக்கவில்லை. சொன்னால் முள்ளைப் பற்றிக் கேட்பார்கள். ஈரக் கையைத் துண்டில் துடைத்து, 'நான்தான்' என்று போட்டார்.

அதன்பிறகு வண்டி நிற்கவில்லை. வாரத்துக்கு இரண்டு தடவை, பிறகு நாள்தோறும் யாராவது பார்த்தார்கள். திருவக்கரையில் பௌர்ணமிக் கூட்டத்தில் எலுமிச்சை மாலை விற்கிற கடைக்கு எதிரில் நிறுத்தியிருந்தது. கோலியனூரில் ரயில்வே கேட்டில் காத்திருந்தது. நடராசன் ஒவ்வொன்றுக்கும் 'நான்தான்' போட்டார். ஊரடங்கு வந்து தேசிய நெடுஞ்சாலையில் நாய்கள் படுத்துத் தூங்கிய நாட்களில், மாடியில் நின்றவர்கள் பார்த்த ஒரே கார் அதுதான். ஒரு சோதனைச் சாவடியில் அதை நிறுத்தி பானெட்டைத் திறந்து பார்த்த காவலர், உள்ளே ஒன்றும் இல்லாததைக் கண்டு, இன்ஜின் இல்லாத வண்டிக்கு இ-பாஸ் தேவையா என்று மேலிடத்தில் கேட்டார். மேலிடத்துக்கும் தெரியவில்லை. வெயிலாக இருக்கவே அனுப்பிவிட்டார்கள்.

அந்தக் காவலரை அறிந்த ஒருவர் வழியாகத்தான், ஓட்டிக்கொண்டு போனது ஒரு பெண் என்பது குழுவுக்குத் தெரிந்தது. ஊரடங்கு தளர்ந்த பிறகு கலைமதி அதை உறுதி செய்தார். கலைமதி திண்டிவனத்தில் கணக்கு டீச்சர், விழுப்புரத்திலிருந்து தினமும் தானே ஓட்டிப் போகிறவர். அவர் குரல் பதிவு போட்டார்: "நட்டு சார், இன்னைக்கு உங்க மெரூன் எனக்கு முன்னாடியே போச்சு. சின்னபொண்ணு அக்காதான் ஓட்டிக்கினு போறாங்க! நான் ஹாரன் அடிச்சேன், கைய மட்டும் வெளிய நீட்டி ஆட்டுனாங்க. ஸ்பீட் பிரேக்கர்ல எப்புடி ஏத்தி எறக்குறாங்க தெரியுமா, மடியில சாம்பார் சட்டி வெச்சிருந்தாக்கூட சிந்தாது. யாரு சார் கத்துக் குடுத்தது?"

நடராசன் இதைக் காதில் வைத்துக் கேட்டபோது சின்னபொண்ணு ஐந்தடி தள்ளிக் கத்தரிக்காய் நறுக்கிக்கொண்டிருந்தாள். காலையிலிருந்து வீட்டைவிட்டு அவள் எங்கும் போகவில்லை. அவர் அவளைப் பார்த்தார். அவள் கத்தரிக்காயைத் தண்ணீரில் போட்டாள். அவர் குழுவில் எழுதினார்: 'நான்தான் கத்துக் குடுத்தேன்.' பத்து நிமிடத்தில் நாற்பது கைதட்டல்கள் வந்தன. வூட்டுக்காரர்னா இப்படி இருக்கணும் என்று கலைமதி தன் கணவருக்கும் அதை அனுப்பியதாகச் சொன்னார். நடராசன் அந்தக் கைதட்டல்களை இரண்டு மூன்று தடவை எடுத்துப் பார்த்தார்.

அவர் சும்மா இருந்துவிடவில்லை. அளவுக்காரர் என்பதால் ஒருநாள் காலை எட்டு மணிக்கே ஷெட்டுக்குப் போய், காருக்கு எதிரில் ஸ்டூல் போட்டு உட்கார்ந்தார். வண்டி அசையவில்லை. மதியம் ஜெகதீசன் டீ கொடுத்தார். குடிக்க இரண்டு நிமிடம் திரும்பினார். மறுபடி பார்த்தபோது கிலோமீட்டர் காட்டும் உருளை எண்களில் நாற்பத்திரண்டு கூடியிருந்தது. நான்கு டயரிலும் செம்மண், பானெட் தோசைக்கல்போலச் சுட்டது. அதே நேரம் வண்டி சுங்கச்சாவடியைக் கடந்ததாக அவர் போனுக்குச் செய்தி வந்தது.

"இன்னா ஜெகதீசா இது?" என்றார்.

ஜெகதீசன் பானெட்டைத் தொட்டுப் பார்த்துவிட்டு, "ஆயில் லீக் ஒண்ணும் இல்ல சார். வண்டி நல்லாதான் ஓடுது" என்று சொல்லிவிட்டு வேறு வண்டிக்கு அடியில் படுத்தார்.

வீட்டில் ஒரே ஒரு அடையாளம்தான் இருந்தது. சின்னபொண்ணுவின் வலது கை முழங்கையிலிருந்து மணிக்கட்டுவரை கறுத்துக்கொண்டு வந்தது. ஜன்னலில் கை வைத்து ஓட்டுகிறவர்களுக்கு வருகிற கறுப்பு அது. நடராசனுக்கும் ஒரு காலத்தில் இருந்தது, இப்போது வெளுத்துவிட்டது. ஒருநாள் கேட்டேவிட்டார். "நீ எங்கியாவது போய்க்கினு வர்றியா?"

"நான் எங்க போறது? சோறு யாரு வடிக்கிறது?" என்றாள்.

ஆனால் அந்தப் பதில் வந்தது ஒன்றரை மணி நேரம் கழித்து. அவர் கேட்டது குளிக்கப் போகுமுன். பதில் வந்தது அவர் குளித்து, சாமி கும்பிட்டு, இட்லி தின்று கை கழுவும்போது. முதலில் காது மந்தமோ என்று நினைத்தார். பிறகு குழுவில் வருவதோடு ஒப்பிட்டுப் பார்த்தபோது கணக்கு விளங்கியது. வண்டி பத்து கிலோமீட்டர் தள்ளியிருந்தால் அவள் பதில் அரை மணி தள்ளி வந்தது. திருவக்கரையில் இருந்தால் ஒன்றரை மணி. திருச்சியில் பார்த்தார்கள் என்றால், காலையில் காபிக்குச் சர்க்கரை போதுமா என்று கேட்டதற்குச் சாயங்காலம் விளக்கேற்றும்போது "போதும்" என்றாள். நாகர்கோவிலில் பார்த்த வாரம் ஒவ்வொரு பதிலுக்கும் ஒரு பகலும் ஓர் இரவும் போனது. வேலை எதுவும் குறையவில்லை. சோறு வடித்தாள், துணி துவைத்தாள், மாத்திரை எடுத்துக்கொடுத்தாள். ஆனால் பிளாஸ்டிக் நாற்காலியில் அவள் உட்கார்ந்தால் நாற்காலி முனகுவதில்லை. பெருக்கிய வாசலில் அவள் நடந்தால் தடம் விழுவதில்லை. நடராசன் பேச்சைக் குறைத்துக்கொண்டார். எப்போதோ வரப்போகிற பதிலுக்காகக் கேட்பது களைப்பாக இருந்தது. இத்தனை வருடமாக அவள் பேசுவதை அவர் எவ்வளவு கேட்டிருக்கிறார் என்று யோசித்தால், அந்தக் களைப்பு இன்னும் கூடியது.

இப்படி வருடங்கள் போயின. காரின் பதிவுக் காலமும் முடிந்தது. ஷெட் இருந்த இடத்தை உரிமையாளர் கல்யாண மண்டபம் கட்ட விற்றுவிட்டார். ஜெகதீசன் போன் செய்தார். "சார், மாசக் கடைசிக்குள்ள எடத்த காலி பண்ணச் சொல்லிட்டானுங்க. பெரிய பேஜாரா கீது. வண்டிய எங்க வெக்கிறதுன்னு சொல்லுங்க, இல்ல காயலான் கடைக்குப் போட்டுடலாம். உங்க கையெழுத்து ஒண்ணுதான் வேணும். ஜல்தியா சொல்லுங்க."

அன்று புதன்கிழமை. சின்னபொண்ணு பூண்டு உரித்துக்கொண்டிருந்தாள். "வண்டிய காயலான் கடைக்குக் குடுத்துடட்டுமா?" என்று கேட்டார். அவள் பூண்டையே பார்த்திருந்தாள். வண்டியைக் கடைசியாகப் பார்த்தது நெல்லூரில், ஒரு லாரி டிரைவர், பதினைந்து நாள் முன்பு. நடராசன் காத்திருந்தார். வியாழன் போனது, வெள்ளி போனது. குழுவில் பிரான்சிஸின் 'டிக் டிக்' மட்டும் வந்தது. மறு வாரம் வெள்ளிக்கிழமை காலையில் ஒன்பது நாள் முடிந்தது. மணிக்கு இருபது கிலோமீட்டர் என்றால் ஒன்பது நாளுக்கு எத்தனை என்று மனதுக்குள் பெருக்கினார். நான்காயிரத்து முன்னூற்று இருபது. பழைய அட்லஸை எடுத்து விழுப்புரத்தில் ஒரு நுனி வைத்து நூலால் அளந்தார். எந்தத் திசையில் வைத்தாலும் அவ்வளவு நீளத்துக்கு நாட்டில் ரோடு இல்லை.

அவர் அட்லஸை மூடிவைத்தார். அடுப்படியில் அவள் பாத்திரத்தைக் கவிழ்த்தாள். சத்தம் கேட்கவில்லை. எங்கே பிசகியது என்று அவருக்குத் தெரிந்திருந்தது. அந்த முதல் 'நான்தான்'. இல்லை, அதற்கு முன்னால் அந்தப் பதினாலு கிலோமீட்டர். இல்லை, அதற்கும் முன்னால் கெடார் ரோடு. இப்போது உண்மையைச் சொன்னால் வண்டி இருக்கிற இடத்திலேயே நின்றுவிடுமோ, அவள் ரோடு இல்லாத அந்த இடத்திலேயே நின்றுவிடுவாளோ என்று பயமாக இருந்தது. சொல்லாவிட்டாலும் இனி பதில் வரப்போவதில்லை. போனை எடுத்து, குழுவில் பேசத் தொடங்கினார். நாலு நிமிடம் பதினோரு விநாடி நீளமுள்ள அந்தப் பதிவு இன்னும் பலரிடம் இருக்கிறது. அதில் பாதிக்குமேல் வெறும் மூச்சுதான்.

"நான் நடராசன் பேசறேன். அது நான் இல்ல. ஒரு நாளும் நான் இல்ல. வண்டியில இன்ஜினே கெடையாது, ஷெட்டுல கெடக்குது. முள்ளு ஏறுதுன்னு அவதான் சொன்னா. நான் கேக்கல. ஊருக்கெல்லாம் சொன்னேன், நான் கேக்கல. அப்புறம்... கத்துக் குடுத்ததும் நான் இல்ல. கெடார் ரோட்டுல நாலு பேரு முன்னாடி எறக்கி வுட்டேன். அவ தானா கத்துக்கினா. எங்க, எப்பன்னு எனக்குத் தெரியாது. யாராவது பாத்தீங்கன்னா சொல்லுங்க. அவ்ளோதான்."

குழுவில் எல்லாரும் கேட்டதற்கான நீலக் குறிகள் விழுந்தன. அரை மணி கழித்துப் பிரான்சிஸ் எழுதினார்: "அண்ணே, இன்ஜின் போனது எங்களுக்கு அப்பவே தெரியும். மொத வாரமே ஜெகதீசன் போட்டோ போட்டுட்டு, நீங்க பாக்கறதுக்குள்ள அழிச்சிட்டாரு. நீங்க 'நான்தான்'னு சொல்லும்போது நாங்க இன்னா சொல்றது? அந்தக் கெடார் ரோடு மேட்டர்தான் தெரியாது." பிறகு கலைமதி எழுதினார். "தப்பு சார்" என்று மட்டும். கைதட்டியவர்களில் பலர் தங்கள் பழைய கைதட்டல்களைத் தேடிப் போய் எடுத்துவிட்டார்கள்.

மறுநாள் காலை யாரோ எங்கிருந்தோ அனுப்பியதாக ஒரு செய்தி வந்தது. நெல்லூர் தாண்டி, தெற்குப் பக்கமா, மெரூன், நீலக் கயிறு. மதியம் செங்கல்பட்டு. நடராசன் எதற்கும் பதில் போடவில்லை. நாலரை மணிக்குத் திண்டிவனம் மேம்பாலத்தின்கீழ் பிரான்சிஸ் தானே பார்த்தார். "இப்பதான் தாண்டுனாங்க அண்ணே. கண்ணாடிய எறக்கி வுட்டுக்கினு வராங்க. என் வண்டி சத்தத்தக் கேட்டுட்டு சிரிச்சிக்கினே போனாங்க" என்றார். கூட்டேரிப்பட்டில் டீக்கடைக்காரர் பார்த்தார். விக்கிரவாண்டியில் சுங்கச்சாவடிச் செய்தி வந்தது. நடராசன் வாசற்படியில் உட்கார்ந்திருந்தார். உள்ளே அடுப்படியில் ஒரு பாத்திரம் விழும் சத்தம் கேட்டது. ரொம்ப நாளைக்குப் பிறகு கேட்ட சத்தம்.

ஆறு மணிக்கு முன்னால் சின்னபொண்ணு முந்தானையில் கை துடைத்தபடி வெளியே வந்து, பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்தாள். நாற்காலி முனகியது. பத்து நாளைக்கு முன் கேட்ட கேள்விக்குப் பதில் சொன்னாள்.

"காயலான் கடைக்கு எதுக்கு? வண்டி நல்லா இழுக்குது. கிளட்ச்தான் கொஞ்சம் ஹார்டா கீதுங்க. அத மட்டும் பாக்கச் சொல்லுங்க."

கெடார் ரோட்டுக்குப் பிறகு அந்தக் காரைப் பற்றி அவள் சொன்ன முதல் வார்த்தைகள் அவை, முள்ளைப் பற்றிச் சொன்னதைத் தவிர்த்தால். நடராசன் உடனே ஜெகதீசனுக்குப் போன் செய்தார். கிளட்ச் கேபிள் மாற்றச் சொன்னார். இன்ஜின் இல்லாத வண்டிக்குக் கிளட்ச் எதற்கு என்று ஜெகதீசன் கேட்கவில்லை. "ஓட்டறவங்க சொன்னா சரியாத்தான் சார் இருக்கும்" என்றார். ஞாயிற்றுக்கிழமை ஒரு குட்டியானை மினி லாரியில் கயிறு கட்டி இழுத்து வந்து வீட்டு வாசலில் விட்டுவிட்டுப் போனார்கள். எதிர் வீட்டுக்காரர்கள் நின்று பார்த்தார்கள். நடராசன் பழக்கத்தில் வலது பக்கக் கதவைத் திறந்து ஒரு காலை உள்ளே வைத்துவிட்டார். சின்னபொண்ணு சாவியைக் கையில் வைத்துக்கொண்டு நின்றிருந்தாள். அவர் காலை வெளியே எடுத்தார். முன்பக்கமாகவே, எல்லாரும் பார்க்க, பானெட்டைச் சுற்றி நடந்து போய் இந்தப் பக்கம் உட்கார்ந்தார். கதவை மெதுவாகச் சாத்தினார்.

ஜெகதீசன் இப்போது முண்டியம்பாக்கத்தில் கடை வைத்திருக்கிறார். மெரூனின் பழைய இன்ஜின் அங்கே கதவு அடிக்காமலிருக்க முட்டுக்கொடுக்கப் பயன்படுகிறது. பிரான்சிஸ் வண்டியை விற்றுவிட்டு வேறு வாங்கினார், சத்தம் புது வண்டிக்கு வந்துவிட்டது. கலைமதி குழுவை நடத்துகிறார். காரின் பதிவைப் புதுப்பிக்கப் போனபோது இன்ஜின் எண் இல்லாமல் அது வண்டியே ஆகாது என்று சொல்லிவிட்டார்கள், அதனால் அதை நிறுத்தும் அதிகாரம் இப்போது யாருக்கும் இல்லை. வாசலில் அது நாள் முழுக்க அப்படியே நிற்கிறது. போன வாரம் மேல்சித்தாமூர் ஜைனக் கோயில் பக்கம் பார்த்தார்கள், உள்ளே இரண்டு பேர். குழுவில் எழுதியதற்குச் சின்னபொண்ணுவின் எண்ணிலிருந்து 'நான்தான்' என்று வந்தது. நடராசனுக்கு இடது கை கறுக்கத் தொடங்கியிருக்கிறது. முள் நடுவில் நிற்கிறதா என்று அவர் அவ்வப்போது கேட்பதாகவும், அவள் உடனே பதில் சொல்வதாகவும் சொல்கிறார்கள்.